புயலைப் பட்டினி போட்ட ஊர்

ஊமத்தங்குப்பத்துக்காரர்கள் யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதனால் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை. வானிலை அதிகாரி ஊருக்குப் புதியவர், பாவம்.

ஜீப்பில் நின்றபடியே விளக்கமாகச் சொன்னார். கடல் சூடாகக் கிடக்கிறது. அந்தச் சூட்டைத் தின்றுதான் புயல் வளர்கிறது. காற்று வேகமாக அடித்தால் கடலிலிருந்து இன்னும் சூடு கிளம்பும்; சூடு கிளம்பினால் காற்று இன்னும் வேகமாகும். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிவது விடிவதற்குள் ராட்சசனாகிவிடும். ஆகவே படகுகளை மேட்டில் ஏற்றுங்கள். இதைச் சொல்லும்போது ஜீப் கிளம்பிவிட்டது.

ஊர் கூடியது. செம்பாயி தன் படகை முதலில் ஏற்றித் தரும்படி கேட்டாள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"ஐயா முதல்ல சொன்னது சூடு," என்றார் நாட்டாமை தேசிங்கு. "படகைக் கடைசியிலதான் சொன்னார். வரிசையா செய்வோம்."

அவருடைய மருமகன் கலியன் அலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, காய்ச்சல்தான் என்றான். கடலில் யாரும் ஒன்றுக்குப் போகக் கூடாது என்று தடை போட்டார்கள். மீனுக்கு வாங்கிய ஐஸ் முழுவதையும் கடலில் போடுவதென்றும் முடிவாயிற்று.

முதல் கூடையைக் கொட்டினார்கள். ஐஸ் கரைந்துவிட்டது. எல்லோரும் குனிந்து தண்ணீரைத் துழாவிப் பார்த்தார்கள்.

"இப்படிக் கரைஞ்சா அத்தனையும் வீணாயிடுமே மாமா," என்றான் கலியன்.

தேசிங்கு வெகுநேரம் யோசித்தார். "தெர்மாகோல் பெட்டியில போட்டு, மூடி ஒட்டி, பெட்டியோட இறக்குங்கடா."

பெட்டிகள் மிதந்து ஓடப் பார்த்தன. எல்லாப் படகுகளையும் கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தி, பெட்டிகளை அவற்றில் கட்டிவிட்டுக் கரைக்கு வந்தார்கள். செம்பாயியின் படகு பெரியது என்பதால் அதை முன்னால் நிறுத்தினார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

புயல் வந்தது. அதிகாரி சொன்னதைவிடப் பெரிதாக வந்தது. ஊர் பள்ளிக்கூடத்துக்குள் சுருண்டு கிடந்தது.

விடிந்ததும் பார்த்தால் ஒரு படகுகூட இல்லை. பெட்டிகள் மட்டும் சவுக்குத் தோப்பில் ஒதுங்கிக் கிடந்தன. தேசிங்கு ஒன்றைத் திறந்தார். ஐஸ் போட்டபடியே இருந்தது.

"பாத்துக்கங்க. ஒரு துண்டைக்கூட அதால தின்ன முடியல."

"என் படகைத் தின்னுட்டுதே அண்ணே," என்றாள் செம்பாயி.

"தின்னாம? அதுக்கு மூடி இல்லையே."

கூட்டம் தலையாட்டியது. அடுத்த புயலுக்குள் படகு அளவுக்கு மூடி போட்ட பெட்டி செய்ய வேண்டும். செம்பாயி உடனே ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகு நின்ற இடத்தை அளக்க ஆரம்பித்தாள். மறுமுனையைப் பிடித்திருந்த கலியன், இன்ஜினுக்கும் கொஞ்சம் இடம் விடச் சொன்னான்.