சிம்மாசனத்தோடு தூக்கிப் போன ராஜா

வெகு காலத்துக்கு முன்னால் வெண்கரை நாட்டை மதிமாறர் என்ற ராஜா ஆண்டுவந்தார். மனசு குளிர்ந்தால் கழுத்திலிருக்கும் முத்துமாலையைக் கழற்றிக் கொடுப்பார். கொதித்தால் கழுத்தையே வாங்கிவிடுவார். அவருக்குக் கலியாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள் செங்கமலம். இரண்டு வயசு. பகலெல்லாம் சிரித்து விளையாடும் குழந்தை, ராத்திரியில் அடிக்கடி விழித்துக்கொண்டு வீறிடும்.

அழுகை கேட்டதும் அரண்மனையே எழுந்துவிடும். தீவட்டி வரும், வீணை வரும், பால் பாயசம் வரும். ராஜாவே ஓடிவந்து மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் உலாத்துவார். அவள் தூங்கிப்போனதும் மெல்லக் கொண்டுபோய்த் தொட்டிலில் விடுவார். கொஞ்ச நேரம்தான். மறுபடியும் வீல்!

தூக்கம் கெட்ட ராஜாவின் கோபமெல்லாம் சபையில் இறங்கியது. தும்மிய காவலாளிக்குக் கசையடி. கொட்டாவி விட்ட புலவர் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

அரண்மனை நிர்வாகி விருபாட்ச ராயருக்கு மந்திரி தேவநாதரின் பதவிமேல் நெடுநாளாகக் கண். குழந்தைக்குத் தாதியாகப் பூவாத்தாளை அமர்த்தியவர் மந்திரிதான். ராயர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா, குழந்தைக்கு நோய் ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் தாதிமேல்தான் சந்தேகம். அவள் சூனியக்காரி என்று ஊரே பேசுகிறது. யார் கொண்டுவந்து சேர்த்த ஆள் என்பதையும் யோசிக்க வேண்டும்."

பூவாத்தாளை இழுத்துவந்தார்கள். அவள் தரையில் விழுந்து கும்பிட்டாள். "நான் பெத்த பிள்ளையா நினைச்சுத்தான் பாத்துக்கிட்டேனுங்க, சாமி."

"பொழுது சாய்ந்ததும் இவள் தலையை எடுத்துவிடுங்கள்!" என்றார் ராஜா.

தேவநாதர் எழுந்தார். "குழந்தை ஏன் அழுகிறாள் என்பதைப் பொழுது சாய்வதற்குள் நான் காட்டுகிறேன், மகாராஜா. தவறினால் என் தலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்."

"எப்படிக் காட்டுவீர்?"

"அதற்கு மகாராஜா சற்றே கண்ணயர வேண்டும்."

ராஜாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வீணை வாசிக்கச் சொன்னார் மந்திரி. இரண்டு பேர் விசிறினார்கள். ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்தபடியே குறட்டை விட்டார்.

உடனே பல்லக்குத் தூக்கிகளை மந்திரி கையசைத்துக் கூப்பிட்டார். "சிம்மாசனத்தோடு தூக்குங்கள்."

"ஐயோ சாமி! முழிச்சுக்கிட்டார்னா எங்க கழுத்து போயிருமே!"

"முதலில் போவது என் கழுத்து. தூக்குங்கள்."

படியில் இறங்கும்போது ஒருவனுக்குக் கால் இடறியது. சிம்மாசனம் ஒரு பக்கம் சாய, ராஜாவின் தலை தொங்கி ஆடியது. குறட்டை நின்றது. யாரும் மூச்சு விடவில்லை. பிறகு குறட்டை மறுபடி தொடங்கியது. ராயர் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டார். மந்திரி தானாகவே வந்து மாட்டிக்கொண்டாரே!

ஜன்னலே இல்லாத நெற்களஞ்சியத்தில் ராஜாவை வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அலறல். "யாரங்கே! நான் எங்கே இருக்கிறேன்? யாருமே இல்லையா?"

கதவு திறந்ததும் ராஜா உருவிய வாளோடு பாய்ந்து வந்தார். வாள் நுனி மந்திரியின் கழுத்தில் பதிந்தது.

"ராஜத்துரோகம்! வெட்டுங்கள், மகாராஜா!" என்று கூவினார் ராயர்.

"வெட்டலாம்" என்றார் தேவநாதர், அசையாமல். "மகாராஜா ஏன் அலறினீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்டுங்கள்."

"சபையில், வீணை கேட்டுக்கொண்டே தூங்கினேன். கண் விழித்தால் கும்மிருட்டு! பக்கத்தில் ஒருவரும் இல்லை. அலறாமல் என்ன செய்வது?"

"போர்க்களம் கண்ட நீங்களே அலறினீர்கள். இரண்டு வயசுக் குழந்தை அப்பா தோளில் தூங்குகிறாள். விழித்தால் தோளும் இல்லை, வீணையும் இல்லை. அவள் என்ன செய்வாள்?"

வாள் மெல்லத் தாழ்ந்தது. "சரி, வழி என்ன?"

"விழித்திருக்கும்போதே தொட்டிலில் விடுங்கள். பக்கத்தில் பூவாத்தாள் மட்டும் இருக்கட்டும். இடையில் விழித்தாலும் அதே தொட்டில், அதே பூவாத்தாள். அவள் தட்டிக்கொடுப்பாள். தீவட்டியும் பாயசமும் வேண்டாம். முதலில் குழந்தை அழுவாள், நாம்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்."

"அமாவாசை வரை பார்க்கிறேன். அதன் பிறகும் அழுதால் இரண்டு தலையும் மிஞ்சாது."

முதல் ராத்திரி குழந்தை முன்னைவிட அதிகமாக அழுதாள். வெளியே நின்ற ராஜா கதவில் கை வைத்தார். "போதும், நான் உள்ளே போகிறேன்!"

மந்திரி குறுக்கே நின்றார். "குழந்தை தனியாக இல்லை, மகாராஜா. காதைக் கொடுத்துக் கேளுங்கள்." உள்ளே பூவாத்தாள் தாழ்ந்த குரலில், "கண்ணு, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாளாக ஆக அழுகை குறைந்தது. பிறகு வெறும் சிணுங்கல்தான். ராயருக்கு வயிறு எரிந்தது. அமாவாசையன்று ஊர் அடங்கிய வேளையில், குழந்தையின் ஜன்னலுக்கு நேர் கீழே திடீரென்று தவிலும் நாகஸ்வரமும் முழங்கின. செங்கமலம் வீறிட்டாள். ராஜா கீழே ஓடினார். மேளக்காரர்களுக்கு நடுவே ராயர் நின்றிருந்தார்.

"இளவரசி… சந்தோஷமாகத் தூங்கட்டும் என்றுதான்…" என்று ராயர் உளறினார்.

ராஜா கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். எல்லாரும் ஜன்னலையே பார்த்தார்கள். மந்திரியின் கை, தன்னை அறியாமலே தன் கழுத்தைத் தடவியது. மேலே அழுகை தணிந்தது, விம்மலாயிற்று, நின்றுபோனது.

ராஜா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ராயரே, இன்றோடு உமது நிர்வாகம் போயிற்று. இனிமேல் ராத்திரி முழுக்க அரண்மனையைச் சுற்றி வாரும். நாய் குரைத்தாலும் தவளை கத்தினாலும் நீர்தான் பொறுப்பு. அவற்றை விரட்டும் சத்தம்கூட எனக்குக் கேட்கக் கூடாது."

மறுநாள் சபையில் தேவநாதருக்கு முத்துமாலை கிடைத்தது. "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா, பூவாத்தாளிடம்.

அவள் கைகூப்பினாள். "ஒரே ஒரு ராத்திரி நான் முழுசாத் தூங்கணுங்க, சாமி."

அன்று ராத்திரி தொட்டிலருகே ராஜாவே உட்கார்ந்தார். செங்கமலம் ஒரு தடவை கண் திறந்து அப்பாவைப் பார்த்தாள்; அவர் தட்டிக்கொடுத்ததும் தூங்கிவிட்டாள். விடிந்ததும் சபை கூட்டச் சங்கெடுத்த காவலாளியை ராஜா அவசரமாகக் கையமர்த்தினார்.

உச்சி வெயில் ஏறும்வரை அன்றைய வழக்குகளையெல்லாம் ரகசியக் குரலிலேயே விசாரித்தார்கள். பூவாத்தாள் இன்னும் எழுந்திருக்கவில்லை.