பாம்புக்கடிக் கூட்டம்

“அந்த டாக்டரை நாலு அறை அறைஞ்சுட்டு வந்திருக்கணும் சாமி.”

உதறிய வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலும் இன்னொன்று வேலியோரத்திலும் போய் விழுந்தது. பூவம்மாள் உட்காரவில்லை.

மலையடிவாரத்து மடத்தில் சாமி மட்டும்தான் இருந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் ஆறு வருஷமாக அவரைக் கேட்காமல் அவள் எதுவும் செய்ததில்லை.

“எந்த டாக்டர்?”

“பஞ்சாயத்து மண்டபத்துல இன்னிக்குப் பாம்புக்கடி பத்திக் கூட்டம். நூறு நாள் வேலைக்குப் போற எல்லாரையும் வரச் சொல்லியிருந்தாங்க. டவுன்லேர்ந்து ஒரு டாக்டர் வந்து பேசினார்.”

“பேச்சு நல்லா இல்லையா?”

“ரெண்டு மணி நேரம் ஒருத்தி எழுந்திருக்கலை. கூட்டம்னாலே தூங்கிப் போற சொர்ணம்கூட வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டா. திரையில படம் போட்டு, எது நல்ல பாம்பு, எது விரியன்னு பச்சைப் பிள்ளைக்கும் புரியுற மாதிரி சொன்னார்.”

“தப்பா ஏதாவது சொன்னாரா?”

“ஒரு வார்த்தை தப்பில்லை. அதான் எரியுது.”

பூவம்மாள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“யாரையாவது பாம்பு கடிச்சா நாம என்ன செய்வோம்னு நடிச்சுக் காட்டினார். தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, பொம்பளைக் குரல்ல ‘ஐயோ, கயிறு கொண்டா, கயிறு கொண்டா’ன்னு மேடையைச் சுத்தி ஓடினார். ஒரு ஆளோட காலைப் பிடிச்சு இறுக்கிக் கட்டினார். அப்புறம் மந்திரிக்கிறவர் வீட்டைத் தேடி ஓடினார். மண்டபமே விழுந்து விழுந்து சிரிச்சுது.”

“நீங்க?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நானும் சிரிச்சேன்.”

மறுபடி சாமி பக்கம் திரும்பினாள்.

“சிரிச்சு முடிச்சுக் கண்ணைத் துடைக்கும்போதுதான் உறைச்சுது. அது நான். போன ஆவணியில, கடலைக் கொல்லையில, என் வீட்டுக்காரர் காலை இறுக்கிக் கட்டினது நான். மந்திரிக்கிறவர் வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னதும் நான்.”

மூச்சு வாங்கியது அவளுக்கு.

“கட்டவே கூடாதாம். காலை அசையாம வெச்சு, நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம். அங்க மருந்து இருக்காம். இருபது நிமிஷத் தூரம் சாமி. இருபதே நிமிஷம்.”

சாமி வழக்கமான மெல்லிய குரலில் ஆரம்பித்தார். “பூவம்மா, நடந்ததை நினைச்சு...”

“பேசாதீங்க!”

அந்த மடத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை.

“பதினாறாம் நாள் இங்க வந்து அழுதேன். ‘அவர் நேரம் முடிஞ்சுது, அழாதீங்க’ன்னு சொன்னீங்க. நம்பினேன். ஒரு வருஷமா அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுத்தேன், எழுந்தேன். அவர் நேரம் முடியலை சாமி. நான்தான் முடிச்சேன். தெரியாம முடிச்சேன். அதை எனக்குத் தெரியவிடாம மூடி வெச்சது நீங்க.”

பூவம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

“எனக்கு அப்புறம் பாம்பு கடிச்ச வீட்டுல வேற யாருக்காவது அதைச் சொன்னீங்களா?”

“மூணு வீட்டுல சொன்னேன்.”

“அந்த மூணு பேரையும் கயிறு கட்டித்தான் கொண்டு போனாங்களா?”

“நான் கேட்கலை.”

பூவம்மாள் அவரையே பார்த்தாள்.

சாமி தான் உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து இறங்கினார். அவள் காலடியில், வெறும் தரையில் உட்கார்ந்தார்.

“டாக்டர் சொன்னதை எனக்கு முதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றார்.

அவள் கோபம் இம்மியும் குறையவில்லை.

“உங்களைப் பாம்பு கடிச்சிருக்குன்னு வெச்சுக்குங்க. காலை நீட்டுங்க,” என்றாள்.