எண்ணூறு தலைகள்

ராணுவப் பயிற்சி முகாமில் வரைபடம் வரைகிற சிப்பாய் மாசிலாமணி அன்று மூன்றாவது தாளையும் கிழித்தான். அமைச்சர் வருகைக்கு ஏற்பாடு பார்க்க அமைச்சகத்திலிருந்து வந்த உயரதிகாரி பத்மராஜனுக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

"கட்டத்துக்குள்ள பெருக்கல் குறியா? என்னய்யா அடிச்சு வச்சிருக்கே?"

"அடிக்கலை சார். அதுதான் காலாட்படை. முட்டை போட்டா டாங்கிப்படை, புள்ளி வச்சா பீரங்கிப்படை." காலையிலிருந்து ஐந்து முறை சொல்லி மாசிலாமணிக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"அமைச்சருக்கு முட்டையும் புள்ளியுமா காட்டுவே? எண்ணூறு பேர்னா எண்ணூறு பேரையும் வரை. ஒரு தலை குறைஞ்சாலும் உன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடையாது!"

இனிப் பேசிப் பயனில்லை என்று மாசிலாமணி உட்கார்ந்து அப்படியே வரைந்தான்.

மறுநாள் அமைச்சர் வந்து பார்த்தார். படம் முழுக்கத் தலைகள்.

"இதிலே ஆறு எங்கேப்பா?"

"மூணாவது கம்பெனிக்கு அடியிலே இருக்குங்க ஐயா."

"பாலம்?"

"டாங்கி மறைச்சிருக்குங்க. ஒரு தலைகூடக் குறையக் கூடாதுன்னு சார் உத்தரவு."

சொல்லிக்கொண்டே மாசிலாமணி, தலைகளை வரைந்து மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை உரித்தான். அடியில் ஆறும் பாலமும் ஏழெட்டுக் கட்டங்களும் பளிச்சென்று தெரிந்தன. குறிகளின் பொருளை ஆறாவது முறையாகச் சொன்னான்.

அமைச்சர் ஒரு கட்டத்தில் விரல் வைத்தார். "அப்போ பாலத்தைக் காக்கிறது காலாட்படை, அக்கரையிலே பீரங்கி. சரியா?"

"சரிதாங்க ஐயா."

"ஒரே நிமிஷத்துல எனக்கே புரிஞ்சுடுச்சே!" அமைச்சர் பத்மராஜன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எவ்வளவு நேரமாச்சு?"

பத்மராஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாசிலாமணிதான் பணிவாகச் சொன்னான்: "சாருக்கு இன்னும் சொல்லி முடிக்கலீங்க ஐயா."