சொந்தக் குரலுக்குத் திறக்காத பூட்டு

நான் சொல்வதில் முக்கால் பங்கைத் தள்ளிவிடுங்கள். மங்கையர்க்கரசியின் பெருமைக்கு மீதிக் கால் பங்கே போதும்.

கோயம்புத்தூர் பொன்னூஞ்சல் வங்கியில் அவள் செக்யூரிட்டி ஆர்க்கிடெக்ட். அதாவது, கண்ணுக்குத் தெரியாத கதவுகளைக் கணினிக்குள் கட்டுகிற கொத்தனார். அவள் கட்டிய கதவுக்குள் கொசு நுழைவதானாலும் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். இரண்டாவது ஒப்புதலுக்குக் காத்திருந்தே ஒரு கொசு கிழடாகிப்போனதை நானே பார்த்தேன்.

பெரிய கதவுக்கு மூன்று சாவிகள். இரும்புச் சாவியல்ல, சேர்மன் நாச்சிமுத்து, மேலாளர் சேஷரத்தினம், அரசி ஆகிய மூவரின் கைபேசிக்குள் இருப்பவை. ஒருவர் சாவியைத் தொலைத்தால் மற்ற இருவரும் சேர்ந்து புதிது தரலாம். ஆனால் தொலைத்தவர் நேரில் வந்து நிற்க வேண்டும். சாவிக்காரர் ஒருவரை வேலையைவிட்டு நீக்கவும் மற்ற இருவரும் சம்மதிக்க வேண்டும். விதிகளை எழுதியவள் அரசி, கையெழுத்திட்டவர் சேர்மன்.

போன வருஷம் நாகர்கோவிலில் தங்கை கல்யாணத்தில் அரசியின் கைபேசி தொலைந்தது. போனிலேயே முடித்துவிடலாம் என்றார் சேஷரத்தினம். அவளோ முகூர்த்தத்தை விட்டுவிட்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாள்.

சேர்மனுக்குப் பல வருஷக் கனவு, மும்பையில் ஒரு சின்ன வங்கியை வாங்குவது. கையெழுத்து நாளன்று அவர் மும்பையில் இருந்தார். பகல் மூன்று மணிக்குள் அவர் சாவியால் ஒப்புதல் தரவேண்டும். ஒரு மணிக்கு, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து சேஷரத்தினத்துக்கு அழைப்பு, சேர்மன் பேசுவதாக. டாக்ஸியில் கைபேசி போய்விட்டதாம், புதுச் சாவியை இந்த எண்ணுக்கு அனுப்பவேண்டுமாம். அதே குரல், அதே திட்டு. சின்ன வயதில் தன்னைக் குளத்தில் தள்ளிய காளை வெள்ளைத்துரையின் பேரையும் சொன்னார். மேடைக்கு மேடை அவர் சொல்லும் கதை அது.

"அய்யாவேதானுங்க மேடம்" என்று சேஷரத்தினம் போனை அரசியிடம் நீட்டினார். யார் பேசுவது என்று கேட்டாள் அவள்.

"ஏம்மிணி, என்னையவே யாருன்னு கேக்கறியா?" என்று சீறியது போன்.

"நேர்ல வாங்கய்யா. ரெண்டு நிமிஷத்துல தர்றேன்."

மூன்று மணி தாண்டியது. கனவு கைநழுவியது. பேசியவர் உண்மையிலேயே சேர்மன்தான்.

மறுநாள் கண் மிளகாய்ப்பழமாக வந்து நின்றார். சொன்னபடி இரண்டே நிமிஷத்தில் சேஷரத்தினத்தோடு சேர்ந்து புதுச் சாவி தந்தாள் அரசி. அந்தச் சாவி செய்த முதல் வேலை, அவளை நீக்கும் உத்தரவுக்கு ஒப்புதல் தந்தது. வீட்டுக்காரனை அடையாளம் தெரியாத பூட்டு எதற்கு என்பது சேர்மன் கட்சி. சேஷரத்தினத்தின் விரல் மட்டும் பாக்கி.

அவர் தயங்குவதைப் பார்த்து அரசி சொன்னாள்: "அழுத்தறதுன்னா அழுத்துங்க சார். எம்மேல இரக்கப்பட்டு மட்டும் நிறுத்தாதீங்க."

குரலும் உண்மை, நஷ்டமும் உண்மை. சேர்மன், அரசி, இவர்களில் யார் செய்தது சரி? சேஷரத்தினம் அழுத்தலாமா?

விடை: அரசி செய்ததே சரி. சேஷரத்தினம் அழுத்தக் கூடாது. பேசியவர் சேர்மன் என்பது மறுநாள்தான் உறுதியானது. முந்தின நாள் ஒரு மணிக்கு அது வெறும் குரல். காளைக் கதையோ ஊரே கேட்டது. சேஷரத்தினம் விரலைத் தூக்கிய நேரம் அவர் போன் அடித்தது. "யோவ், என் போன் போச்சு. வெள்ளைத்துரை மேல சத்தியம், சாவியை இந்த நம்பருக்கு அனுப்பு." அச்சு அசல் சேர்மன் குரல். சேர்மனோ எதிர் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசியது அவர் குரலைக் கணினியில் திருடிய எவனோ மோசடிக்காரன். "நேர்ல வாங்கய்யா, ரெண்டு நிமிஷத்துல தர்றேன்" என்றார் சேஷரத்தினம். நீக்கும் உத்தரவைச் சேர்மன் அப்போதே வாபஸ் வாங்கினார். அதற்கும் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டியிருந்தது.