துவைகல்லின் மறுபக்கம்

தொப், தொப் என்று ஈரத்துணி கல்லில் விழும் ஓசை. சிறுவயதில் அருணகிரி அந்த ஓசையில்தான் கண் விழிப்பார். கொல்லையில் அம்மா துவைத்துக்கொண்டிருப்பாள். அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. கல் மட்டும் கிடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், கொல்லைக்குச் சிமெண்ட் பூச அதைப் புரட்டினார். அடிப்பக்கம் முழுக்க எழுத்து.

கடலோரத்து அந்த ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. அதை நடத்திவந்த ஜெசிந்தாவிடம் அவர் பழைய கல்லெழுத்து படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். குரு அவரைவிட வயதில் மிக இளையவர். ஆனாலும் வாய் நிறைய 'டீச்சர்' என்பார்.

அருங்காட்சியகத்து வாசலில் மாட்டுவண்டியில் கல் வந்து இறங்கியது. ஜெசிந்தா ஈரத்துணியால் துடைத்துப் படித்தார்.

"மரியா. ஒரு மாலுமியோட பொண்டாட்டி. பரங்கிக் கல்லறைக் கல்லு, சார்."

"அதான் கொண்டாந்தேன். ஞாயித்துக்கிழமை நன்கொடையாளர் பலகை திறக்கிறீங்களே, அதுல அப்பா பேரு வரணும். தர்மகர்த்தா சிவஞானம் குடும்பத்தார்னு போடுங்க."

"ம்."

"செட்டியார் வீட்டுத் தராசு இருக்கு, மரைக்காயர் வீட்டுக் கப்பல் விளக்கு இருக்கு. எங்க வீட்டுப் பேரு மட்டும் இல்லேன்னா ஊரு என்ன பேசும்?"

"கல்லை யாரு கொடுத்தது?"

"நாங்கதான்."

"உங்களுக்கு?"

அருணகிரி தலையைச் சொறிந்தார். "அப்பா வண்டி கட்டி எடுத்தாந்தாராம். அந்தக் காலத்துல யாரு கேட்டா டீச்சர்? இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு வாசப்படியே கல்லறைதான்."

ஜெசிந்தா சிரித்துவிட்டார். "எங்க வீட்டு அம்மிக்கு அடியிலயும் ஒண்ணு கிடந்தது."

பிறகு ஒரு கயிற்றால் கல்லின் நீள அகலம் அளந்து, இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நடந்தார். அருணகிரி பின்னால் போனார்.

பரங்கிக் கல்லறைத் தோட்டத்தில் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்தது. மேலே கல் இல்லாத செங்கல் மேடைகள் சில. ஜெசிந்தா ஒவ்வொன்றிலும் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். சுவரோரம் இருந்த ஒன்றில் இரண்டு முடிச்சும் சரியாக உட்கார்ந்தன.

கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

அருணகிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு தானே போய் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் கல்லை ஏற்றி வந்தார்.

எழுத்துப் பக்கம் மேலே தெரிய, கல்லை மேடையில் இறக்கினார்கள். அது அமர்ந்ததும் அருணகிரி அதன் விளிம்பைத் தடவினார்.

"பலகையில பேரு வேணாம், டீச்சர். அது போகட்டும். ஆனா அம்மா காலமெல்லாம் துவைச்சுத் தேஞ்ச பக்கம் அடியில போயிடுச்சே. எங்களோடதுன்னு யாரு கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாதே."

"மரியாவுக்குத் தெரியும். அந்தப் பக்கம்தான் அவளைப் பார்த்து இருக்கு."

அதன்பின் அருணகிரி சாகும்வரை அந்த அருங்காட்சியகத்து வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நுழைவுச்சீட்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.