ஓரமா நில்லுங்க

போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி, தபாலாபீஸ் முன்னால் நின்ற பட்டம்மாவின் இஸ்திரி வண்டியை இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனார்.

"உத்தரவு எங்கேய்யா?"

"நான் சொல்றதுதான் உத்தரவு!"

மறுநாள் குடியரசு தினம், கலெக்டர் முன்னால் அணிவகுப்பு. இன்ஸ்பெக்டர் தேய்க்கக் கொடுத்திருந்த யூனிபார்ம் அந்த வண்டிக்குள்ளேயே கசங்கிக் கிடந்தது. அன்று காலை கான்ஸ்டபிள்கள் பட்டம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்கள்.

"சீக்கிரம் தேய்!"

"நாட்டுக்குச் சட்டம் வந்த நாளாமே இன்னைக்கு? உங்க வாய்ச்சொல்லுக்கு என் பிழைப்பைப் பிடுங்கலாம்னு அதுல எங்கே இருக்கு? காட்டுங்க, தேய்க்கிறேன்."

தூரத்தில் பேண்டு வாத்தியம் முழங்கியது. பனியனோடு நின்ற இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

"வண்டியை எடுத்துக்கோ. தேய்ச்சுக் குடு!"

பட்டம்மா வண்டியை வாசலுக்குத் தள்ளினாள்.

"எங்கே போறே?"

"என் இடத்துக்கு. அங்கே வந்து வாங்கிக்குங்க. இடைஞ்சல் பண்ணாம ஓரமா நில்லுங்க."