நாய் முதலா, பூனை முதலா?

கோணமடையில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் செலவழிக்காததால் அவரவர் மூளை புதுக்கருக்கு அழியாமல் அப்படியே இருந்தது.

அந்த ஊரில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஏரி தளும்பி, கரையில் விரிசல் விட்டது. கரை உடைந்தால் அறுப்புக்கு நின்ற நெல் அத்தனையும் போச்சு. அதிலும் ஊராட்சித் தலைவர் செம்புலிங்கத்தின் வயல் விரிசலுக்கு நேர் கீழே. 

"மழை எப்படிப் பெய்யுதுன்னு சரியாச் சொல்லுங்க, உடனே மணல் மூட்டை அனுப்புறேன்" என்று தாசில்தார் முன்பே சொல்லியிருந்தார். தமிழில்தான் சொன்னார். ஆனால் பெரிய அதிகாரியிடம் தமிழில் பேசுவது, மடித்துக் கட்டிய வேட்டியோடு சாமி கும்பிடுகிற மாதிரி என்பது தலைவரின் எண்ணம்.

பட்டணத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்துத் திரும்பிய மாசிலாமணியை ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்தார். மழை கொட்டினால் வெள்ளைக்காரன் பூனையும் நாயும் பெய்கிறது என்பான், 'கேட்ஸ் அண்டு டாக்ஸ்' என்றான் அவன். சொன்ன கையோடு அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை 'டாக்ஸ் அண்டு கேட்ஸ்' என்பார்களோ?

திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்ற சண்டையில் தேரையே நடுத்தெருவில் நிறுத்திவிட்ட ஊர் அது. முதல் மரியாதை விஷயத்தில் லேசில் விடுமா?

"நாய் பைரவர் வாகனம். அதைப் பின்னால தள்ளினா சாமி குத்தம்" என்றார் வார்டு உறுப்பினர் உலகநாதன்.

"பூனை அடுப்படி வரைக்கும் போகும்ண்ணே. நாய் வாசலோட சரி. அப்ப யாரு பெரியவங்க?" என்றார் இன்னொரு உறுப்பினர் பூவாயி.

கரைக் காவலுக்குப் போனவர் ஓடிவந்து, விரிசலில் கை நுழைகிறது என்றார். செம்புலிங்கம் பதறிப் போனை எடுத்தார். எடுத்த வேகத்திலேயே கீழே வைத்தார். தப்பாகச் சொன்னால் ஊர் மானம் என்னாவது?

கடைசியில் உலகநாதன்தான் வழி சொன்னார். மழைதான் பெய்துகொண்டிருக்கிறதே, எது முதலில் விழுகிறது என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது.

எல்லோரும் அலுவலக வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மூக்கில் தண்ணீர் ஏறியதுதான் மிச்சம்.

"இன்னும் பலமாப் பெய்யணும் போல" என்றார் பூவாயி கவலையோடு.

பெய்தது. கரை உடைந்தது. வெள்ளம் வயலை மூழ்கடித்துக்கொண்டு அலுவலகப் படிக்கட்டு வரை வந்தது. அதில் முதலில் ஒரு நாய் நீந்தி வந்தது. பின்னாலேயே மிதந்துவந்த பலகை ஒன்றில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

செம்புலிங்கம் தன் வயல் இருந்த பக்கம் பார்த்தார். ஒரு கதிர்கூட வெளியே தெரியவில்லை. ஆனாலும் பொறுப்புள்ள தலைவர் அல்லவா, உடனே தாசில்தாருக்குப் போன் போட்டார்.

"சார், டாக்ஸ் அண்டு கேட்ஸ்."

தாசில்தாருக்குப் புரிந்துவிட்டது. "அடடா, அவ்வளவு மழையா? கரை தாங்குதா? எத்தனை மூட்டை அனுப்பட்டும்?"

"மூட்டை கிடக்கட்டும் சார்" என்று செம்புலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்ன இங்கிலீஷ் சரிதானா, அதைச் சொல்லுங்க."